சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்?

ராபர்ட்சன்பேட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் சான் பிரான்சிஸ்கோ போகிறான் என்றதும் நீ அட்லஸை விரித்து, பெங்களூரிலிருந்து பசிபிக் கடல் வழியாக ஸ்கேலால் கோடு போட்டாயாம். அம்மா சொன்னாள். அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் 16,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அத்தனை தூரம் தேவையில்லை.

பள்ளிக்கூடத்து உலக உருண்டையைக் கேட்டு வாங்கு. ஒரு நூலைப் பெங்களூரில் அழுத்தி, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவுக்கு இழுத்து இறுக்கு. நூல் தானாகவே வடக்கே ஏறி, திபெத், மங்கோலியா, சைபீரியா, அலாஸ்கா என்று போய் இறங்கும். உருண்டையின் குறுக்களவு 30 செ.மீ. என்றால் நூல் 33 செ.மீ. வரும். அதில் ஒரு செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. பெருக்கினால் 14,000. தட்டை வரைபடம் துருவப் பக்கத்து நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டுவதால்தான் இந்த வழி கண்ணில் படுவதில்லை.

தங்கவயல் பிள்ளை நீ, அடுத்து என்ன கேட்பாய் என்று தெரியும். நேராகத் தோண்டிப் போனால்? 11,300 கி.மீ.தான். ஆனால் நம் தாத்தாக்கள் சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் இறங்கியது 3 கி.மீ.க்குச் சற்று மேல். அங்கேயே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மனிதனால் முடியாத அந்த வழியில் நியூட்ரினோ என்ற துகள் தடையின்றி வரும். அதே சுரங்கத்தில், 2 கி.மீ.க்கும் கீழே, 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகிலேயே முதலில் அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. சுரங்கத்தை 2001இல் மூடிவிட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இங்கே வர அந்தத் துகளுக்கு ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு போதும்.

விமானம் நூல் வழியிலும் அப்படியே போகாது. நம் ஊரிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்க்கோட்டில் 70 கி.மீ.க்குள்தான், சாலையில் போனால் நூறை ஒட்டி வருகிறது அல்லவா, வானத்திலும் அப்படித்தான். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே அதைவிட உயரம் என்பதால் அந்தப் பக்கம் பொதுவாகப் போகமாட்டார்கள். சண்டை வந்தால் நாடுகளும் வான்வழியை மூடிவிடும். மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக் காற்று ஒரு பயணத்தைத் தள்ளிவிடும், இன்னொன்றைத் தடுக்கும். அதனால் மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வந்தாலும், நிஜத்தில் கூடும்.

2021 ஜனவரி 9, சனி இரவு எட்டரை வாக்கில், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிய ஏர் இந்தியா விமானம் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, வட துருவத்தின் மேலாக வந்து, திங்கள் அதிகாலை மூன்று மணி தாண்டிப் பெங்களூரில் இறங்கியது. கடிகாரப்படி ஏறத்தாழ 31 மணி நேரம். அதில் 13½ மணி நேரம் இரு ஊர்களின் நேர வித்தியாசம். கழித்தால் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். அதுதான் பறந்த நேரம்.

அண்ணன் இங்கிருந்து போகும்போது கழிக்காதே, கூட்டு. இடையில் எங்காவது இறங்கி மாறினாலும் கணக்கு இதேதான். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள். அவன் அந்த மாதங்களில் போனால் 13½க்குப் பதில் 12½ என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா