பனியில் மனை பார்த்த கதை

வீடு கட்டும் முன் மனை பார்ப்பார்கள். மண் உறுதியா? தண்ணீர் கிடைக்குமா? மழைக்காலத்தில் வெள்ளம் நிற்குமா? இப்படி விசாரிப்பார்கள். பூமியின் தென்கோடியில் உள்ள அண்டார்டிகாவில் கட்டடம் கட்டினாலும் இதே கேள்விகள்தான். ஆனால் பதில்கள் வேறு.

அண்டார்டிகா ஒரு கண்டம். இந்தியாவைப் போல நான்கு மடங்கு பெரியது. ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடக்கிறது. அங்கே ஊர் இல்லை, மரம் இல்லை, வயல் இல்லை. விஞ்ஞானிகள் போய்த் தங்கி, ஆராய்ச்சி செய்து திரும்புகிறார்கள். இந்தியாவின் முதல் குழு 1982 ஜனவரியில் அங்கே போய் இறங்கியது.

தங்கி ஆராய ஒரு கட்டடம் வேண்டும். 1983-84இல் போன குழு அதைக் கட்டியது. அதற்குத் தட்சிண கங்கோத்ரி என்று பெயர். கங்கை பிறக்கும் இடம் கங்கோத்ரி. தட்சிணம் என்றால் தெற்கு. நல்ல பெயர்தான். ஆனால் மனை?

அது பாறை மேல் இல்லை, பனித்தட்டின் மேல் இருந்தது. பனித்தட்டு என்பது கரையிலிருந்து நீண்டு, கடல் மேல் மிதக்கும் கனமான பனிக்கட்டி. பார்க்கச் சமவெளி போல இருக்கும். கடல் பக்கத்தில் என்பதால் கப்பலிலிருந்து சாமான் கொண்டுவருவதும் எளிது. எட்டு வாரங்களில் வேலை முடிந்தது. 1984இல் பன்னிரண்டு பேர் முதல் முறையாக அங்கே குளிர்காலம் முழுவதும் தங்கினார்கள். குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் உதிக்காது. கப்பலும் வராது.

பனித்தட்டில் விழுகிற பனி எளிதில் உருகாது. இந்த ஆண்டுப் பனி மேல் அடுத்த ஆண்டுப் பனி விழும். காற்றும் பனியை அள்ளி வந்து சுவரோரம் குவிக்கும். கட்டடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்குள் புதைந்தது. 1990இல் அந்த நிலையத்தைக் கைவிட நேர்ந்தது. அத்தனை பேர் பாடுபட்டுக் கட்டிய கட்டடம் அது.

அதற்குள் அடுத்த மனையைப் பார்த்துவிட்டார்கள். இந்த முறை பனியை விட்டு விலகி, பாறையைத் தேடினார்கள். பனித்தட்டின் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் உள்ளே ஷிர்மாகர் என்ற இடம் இருக்கிறது. அங்கே பனி மூடாத பாறைக் குன்றுகள் உண்டு. நடுநடுவே ஏரிகளும் உண்டு. ஓர் ஏரிக்கரையில் மைத்ரி நிலையம் எழுந்தது. 1989இல் அது வேலையைத் தொடங்கியது. அந்த ஏரிக்குப் பிரியதர்ஷினி என்று பெயர் வைத்தார்கள். குடிநீர் அதிலிருந்துதான். மனைக்கும் தண்ணீருக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைத்தது.

ஆனால் சாமான் கொண்டுபோவது கடினமாயிற்று. பனி மேல் ஓடும் வண்டிகள் சறுக்குப் பலகைகளை இழுத்துச் செல்ல வேண்டும். வழியில் பனிக்கட்டி வெடித்து ஆழமான பிளவுகள் இருக்கும். மேலே மெல்லிய பனி மூடியிருந்தால் பிளவு கண்ணுக்குத் தெரியாது. வண்டியோடு ஆளையும் விழுங்கிவிடும். ஆகவே முதலில் பாதையைச் சோதித்து, அடையாளம் நட வேண்டும்.

அடித்தளமும் நம் ஊரைப் போல இல்லை. சிமெண்ட் கலவை இறுகும் முன் அதிலுள்ள தண்ணீர் உறைந்து போகலாம். வீட்டுச் சூடு தரையில் இறங்கினால் மண்ணுக்குள் உறைந்த பனி உருகும், கட்டடம் சாயும். இதனால் மைத்ரியை எஃகுக் கால்கள் மேல் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தினார்கள். அடியில் காற்று தடையின்றி ஓடும். பனியையும் அடித்துக்கொண்டு போய்விடும். தட்சிண கங்கோத்ரியைப் புதைத்த அதே காற்று இங்கே துப்புரவு வேலை பார்க்கிறது!

மூன்றாவது நிலையம் பாரதி. 2012இல் திறந்தார்கள். மைத்ரிக்குக் கிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி, லார்ஸ்மன் குன்றுகளில் இருக்கிறது. இதுவும் பாறை மனைதான், ஆனால் கடலோரம். துறைமுகச் சாலைகளில் லாரிகள் பெரிய கண்டெய்னர் பெட்டிகளை ஏற்றிப் போகும் அல்லவா? அத்தகைய 134 பெட்டிகளை இணைத்தே இந்தக் கட்டடத்தை அமைத்தார்கள். அங்கே டிசம்பரும் ஜனவரியும்தான் கோடை. கப்பல் வருவதும், வெளியே கட்டுமான வேலை நடப்பதும் அந்தச் சில மாதங்களில்தான். ஒரு திருகாணி மறந்து போனாலும் ஓடிப் போய் வாங்கக் கடை இல்லை.

பாரதிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. 1991இல் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி, பெரிய கட்டடம் கட்ட நினைக்கும் நாடு முதலில் ஓர் அறிக்கை எழுத வேண்டும். எந்தப் பறவை எங்கே கூடு கட்டுகிறது? எந்தப் பாறையில் பாசி வளர்ந்திருக்கிறது? கழிவுநீர் எங்கே போகும்? எல்லாம் அதில் வர வேண்டும். நாடுகள் கூடிப் பேசுவதற்கு 120 நாள் முன்பே அறிக்கை அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகே கட்டட வேலை.

வேறு நாட்டு மண் அங்கே போகாமல் காக்க வேண்டும். அந்த மண்ணில் புதிய விதையோ கிருமியோ ஒட்டியிருக்கலாம். இதற்காக, போகிறவர்கள் காலணியைக் கூடக் கழுவித் துடைத்த பிறகே கரையில் இறங்குகிறார்கள். வேலை முடிந்ததும் மிச்சக் கம்பி, உடைந்த பலகை, வெற்று டப்பா எல்லாம் அவர்களோடு கப்பலேறித் திரும்புகின்றன.