சியோலில் அயல்நாட்டுச் சாப்பாடு

அன்புள்ள கதிருக்கு,

சியோலில் அயல்நாட்டு உணவகங்கள் இரண்டு வகை. ஒன்று, கொரியர் நாக்குக்கு ஏற்ப மாறிப்போனது. மற்றது, பிழைக்க வந்த அயல்நாட்டார் தங்கள் ஆட்களுக்காக நடத்துவது. பெயர்ப்பலகையில் இரண்டுக்கும் ஒரே நாட்டின் பெயர்தான் இருக்கும். தட்டில் வருவது வேறு. முதல் வகைக்குள் நுழைந்து இரண்டாவதை எதிர்பார்ப்பவர்தான் ஏமாந்து திரும்புகிறார். சமையல்காரர் மேல் குற்றமில்லை.

முதல் வகையில் மூத்தது ஜாஜாங்மியோன். 1883இல் இன்சியோன் துறைமுகம் திறந்த பிறகு, சீனாவின் ஷாந்தொங் பகுதியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. புளிக்கவைத்த சோயா விழுதில் பன்றியிறைச்சியும் வெங்காயமும் வதக்கி மேலே ஊற்றுவார்கள். பின்னாளில் அந்த விழுதில் காரமெல் சேர்ந்தது. நிறம் கறுத்தது, சுவை இனிப்பேறியது. கொரியப் போருக்குப் பின் அமெரிக்க உதவியாகக் கோதுமை மாவு வந்து குவிந்தது. அரிசியை மிச்சப்படுத்த 1960களிலும் 70களிலும் அரசே மாவுப் பண்டங்களை உண்ணச் சொல்லி வற்புறுத்தியது. அப்படித்தான் ஜாஜாங்மியோன் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டும் விருந்தானது. வீடு மாறும் நாளில், பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கொரியர் தருவித்துச் சாப்பிடுவதும் இதைத்தான். துணைக்கு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும், கறுப்பு விழுதில் தொட்டுக்கொள்ளப் பச்சை வெங்காயமும் வரும். இது அசல் சீனச் சாப்பாடு இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர் கொரியாவின் நூறாண்டுக் கதையைத் தள்ளிவிட்டுப் போகிறார்.

பீட்சாவின் மேல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மசியல், ஸ்பகெட்டியோடு வெள்ளரி ஊறுகாய் என்பதெல்லாம் இதே இனம்தான். வியட்நாமின் ஃபோ நூடுல்ஸ் சூப்பில் கொத்தமல்லித் தழை பல கடைகளில் கேட்டால்தான் கிடைக்கும். அதன் வாசனை கொரியர் பலருக்கு ஆகாது. கொசுறாகக் கொத்தமல்லி வாங்கிப் பழகிய கைக்கு இது விசித்திரமாகவே இருக்கும்.

இரண்டாம் வகையைத் தேட, யார் எங்கே வந்து இறங்கினார்கள் என்று தெரிந்தால் போதும். சியோலின் இதேவோன் பகுதி வளர்ந்தது பக்கத்திலிருந்த யோங்சான் அமெரிக்கப் படைத்தளத்தை ஒட்டி. அமெரிக்கப் படையின் தலைமையகம் 2018இல் பியோங்தேக்குக்குப் போய்விட்டது, உணவகங்கள் இருக்கின்றன. பெருந்தெருவில் அலங்காரத்துக்கும் சேர்த்தே விலை. 1976இல் திறந்த மத்திய மசூதிக்குப் போகும் மேட்டுத்தெருவில் ஹலால் கடைகள் நெருக்கமாக உண்டு. வயிறாரச் சாப்பிட அதுவே மேல்.

தொங்தேமுன் அதைவிடச் சுவையான இடம். 1990இல் சோவியத் ஒன்றியத்தோடு தூதரக உறவு ஏற்பட்ட பிறகு, அங்குள்ள துணிச்சந்தைக்குச் சரக்கெடுக்க ரஷ்யர், உஸ்பெக்குகள், மங்கோலியர் வரத் தொடங்கினர். க்வாங்ஹுய்தொங் சந்துகளில் இன்றும் சம்சாவும் லக்மான் நூடுல்ஸும் கம்பியில் சுட்ட ஆட்டிறைச்சியும் கிடைக்கும். இந்தக் கடைகளில் தவறவிடக் கூடாதது கேரட் சாலட். 1937இல் ஸ்டாலின் அரசு சோவியத் தூரக் கிழக்கில் வாழ்ந்த கொரியர்களை ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்குக் கடத்தியது. போன இடத்தில் கிம்ச்சி என்ற கொரிய ஊறுகாய்க்கு வேண்டிய முட்டைக்கோஸ் கிடைக்கவில்லை; கேரட்டைச் சீவிப் பூண்டும் வினிகரும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தார்கள். கொரியர் ஒருகாலத்தில் இல்லாமையால் கண்டுபிடித்த பண்டம், இப்போது உஸ்பெக் உணவாகச் சியோலுக்கே வந்து விலைபோகிறது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சாங்சின்தொங். தையல் பட்டறைகள் நிறைந்த அந்தப் பகுதியைச் சுற்றி நேபாள உணவகங்கள் உண்டு. 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் நேபாளம், இலங்கை, வியட்நாம் முதலிய நாடுகளின் தொழிலாளர் கொரியத் தொழிற்சாலைகளுக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு. அன்றுதான் கடை களைகட்டும்.

சியோலில் ‘இந்திய உணவகம்’ என்று எழுதியிருப்பதில் பெரும்பகுதி வடக்கத்திச் சாப்பாடு. நடத்துபவர் பல இடங்களில் நேபாளியாகவே இருப்பார். நான் ரொட்டியும் வெண்ணெய்க் கோழியும் மாம்பழ லஸ்ஸியும் கொரிய வாடிக்கையாளருக்காகக் காரம் குறைத்து, இனிப்புக் கூட்டித் தரப்படும். சோற்றுக்கும் ரொட்டிக்கும் பொதுவாகத் தனி விலை. இட்லி, தோசை அரிது. கிடைத்தாலும் விலையைப் பார்த்தால் தொண்டையில் இறங்காது. வீட்டு ஞாபகத்தில் போகிறவருக்கு அங்கே திருப்தி கிடைப்பது அபூர்வம். அதே பணத்துக்கு நேபாளக் கடையின் பருப்பும் சோறும், கறியும் ஊறுகாயும் எவ்வளவோ நெருக்கம்.

எந்தக் கடை எந்த வகை என்பதற்கு உட்கார்ந்திருப்பவர்களே முதல் அடையாளம். பக்கத்தில் மசாலாவும் பருப்பும் விற்கும் மளிகைக்கடை இருந்தால் இன்னும் நல்லது. ஏதேனும் இறைச்சியைத் தவிர்ப்பவர் சுவரில் ஒட்டிய பட்டியலையும் பார்க்க வேண்டும். அரிசி, கிம்ச்சி, இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று உணவகங்கள் எழுதிவைப்பது சட்டம். சமையலறையில் பன்றியும் மாடும் உண்டா என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். சைவருக்கு அது போதாது. இறைச்சி வேண்டாம் என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு, எலும்பு வேகவைத்த சாற்றை அப்படியே ஊற்றும் கடைகள் உண்டு. கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ இருக்கும். சாறு எதில் செய்தது என்று தனியாகக் கேட்பதே சரி.

மாலை 3 மணி முதல் 5 வரை பல உணவகங்கள் மூடியிருக்கும். கடையையும் நேரத்தையும் நேவர் என்ற கொரிய வரைபடச் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. மேசையில் அழைப்புப் பொத்தான் இருக்கும்; கரண்டியும் குச்சியும் சில கடைகளில் மேசைக்கு அடியிலுள்ள இழுப்பறையில் கிடக்கும். பட்டியல் விலையில் வரி அடக்கம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கமில்லை. பணம் வாசல் பக்கத்துக் கல்லாவில். கொரியரோடு போனால், அழைத்தவரோ வயதில் மூத்தவரோ மொத்தத்தையும் கட்டிவிடுவது பழைய வழக்கம். இளையவர் அடுத்த கடையில் காப்பி வாங்கித் தருவார். மாணவர்களிடையே இப்போது அவரவர் பங்கைக் கைப்பேசியில் அனுப்பிவிடுவதும் சாதாரணம்.

அன்புடன்,
பெரியப்பா