எழுத்தறிவும் விடுதலையும்



எழுத்தைக் கண்ணாகப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். அக்கண் திறந்துவிடக் கூடாதென்று ஓர் இனத்தாரை மற்றோர் இனத்தார் தடுத்து வைத்த காலமும் உண்டு. எமது பள்ளியின் பழைய மாணவர் சிலர், தாம் பயிலும் பல்கலைக்கழகத்தின் வாசகர் வட்டத்தில் இன அநீதி பற்றிய நூல்களைப் படித்து உரையாடி வருகின்றனர். அவற்றுள் ஒன்று, பிரெடரிக் டக்ளஸ் 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாறு. அதனை இங்கு நோக்குவோம்.

களவாகக் கற்ற கல்வி

டக்ளஸ் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், 1818ஆம் ஆண்டளவில், அடிமைத் தாயொருத்தியின் மகனாகப் பிறந்தார். தம் பிறந்தநாளை அவர் அறியார். சிறுவயதில் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பட்டபோது, அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய கணவர் அதனைத் தடுத்தார். படித்தவன் அடிமையாயிருக்க இசையான் என்பதே அவர் கூறிய காரணம். அதைக் கேட்ட சிறுவர், விடுதலைக்குரிய வழி எதுவென உணர்ந்துகொண்டார்.

தெருவில் பசித்திருந்த வெள்ளையினச் சிறுவர்க்கு ரொட்டி கொடுத்து, கைம்மாறாகப் பாடம் கேட்டார். கப்பல் கட்டும் துறையில் தச்சர்கள் மரங்களில் குறித்த எழுத்துக்களைப் பார்த்து எழுதிப் பழகினார். 1838இல் மாலுமி உடையணிந்து வட மாநிலங்களுக்குத் தப்பிச் சென்றார்.

நூலும் அதன் விலையும்

அங்கு மேடைகளில் அவர் ஆற்றிய உரைகளைக் கேட்டோர், இத்துணைச் சொல்வன்மை உடையவர் அடிமையாய் இருந்திருப்பாரோ என ஐயுற்றனர். எனவே ஊரையும் உடையவர்களையும் பெயர் சுட்டியே நூலை எழுதினார். உண்மை நிலைபெற்றது, ஆனால் அவரைப் பிடித்து மீட்டும் அடிமையாக்கும் ஆபத்தும் நெருங்கிற்று. அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றார். 1846இல் அங்குள்ள நண்பர்கள் பணம் திரட்டி, உடையவருக்குக் கொடுத்து, அவரது விடுதலையைப் பெற்றுத் தந்தனர். அமெரிக்கா முழுவதும் அடிமைமுறை ஒழிந்தது 1865இலேயே.

பணம் கொடுத்தது முறையா? அன்றே எழுந்த இவ்வினா வாசகர் வட்டத்திலும் எழுந்தது. விலை கொடுப்பது மனிதனைப் பொருளென ஒப்புக்கொள்வதாகும் என்றனர் சிலர். கள்வனிடம் பொருள் கொடுத்து உயிர் மீட்பது களவை ஏற்பதாகாது என்றனர் மற்றையோர்.

நமக்குரிய பாடம்

உரையாடலை எமக்கு விவரித்த மாணவி இறுதியில் ஒன்று கேட்டார்: "கறுப்பின மக்களை நம் வீடுகளில் இழிசொல்லால் குறிப்பிடுகிறார்களே, அவ்வேளையில் நான் என்ன செய்வது?" எம்மிடம் உடனே விடை இருக்கவில்லை. நம் பிள்ளைகளை நிறத்தின் பேரால் எவரேனும் இகழ்ந்தால் நெஞ்சு கொதிக்கிறோம். நாமோ மணமகள் தேடும் விளம்பரத்தில் சிவந்த நிறம் கேட்கிறோம், சாதியும் கேட்கிறோம். பிறர் இழைக்கும் அநீதியைக் காணும் கண், நம் வீட்டுக்குள்ளும் காணவேண்டுமன்றோ?

பெற்றோர்களே, பிள்ளைகள் இதனைக் கேட்கும்போது சினவாதீர்கள். அவர்கள் கற்ற எழுத்தின் பயன் அதுவே.

சிந்திக்க:

1. அடிமைகள் கல்வி கற்பதை உடையவர்கள் அஞ்சியது ஏன்?
2. பணம் கொடுத்து விடுதலை பெற்றதை நீங்கள் ஏற்பீர்களா? காரணம் கூறுக.
3. மாணவியின் வினாவுக்கு உங்கள் விடை யாது? பெற்றோருடன் கலந்துரையாடி எழுதுக.