கோட் மாறாவிட்டாலும் இமேஜை மறுபடி பில்ட் செய்யுங்கள்

ஆறு மாதமாக யாரும் கோடில் கை வைக்கவில்லை, ஸ்கேனர் மட்டும் ஏன் திடீரென்று சிவப்பு காட்டுகிறது என்று பலர் கேட்கிறார்கள். கை வைக்காததுதான் காரணம். 2023 அக்டோபர் 11 அன்று கர்ல் 8.4.0 ஒரு பெரிய ஓட்டையை அடைத்து வெளிவந்தது. அதற்கு முந்தைய நாள் பில்ட் ஆன கன்டெய்னர் இமேஜில் பாதிக்கப்பட்ட கர்ல் இருந்தால், அந்த ஓட்டை இன்றும் அப்படியே இருக்கும். சர்வரில் எத்தனை அப்டேட் ஓட்டினாலும் அது இமேஜுக்குள் போகாது.

மறுபடி பில்ட் செய்தோமே என்பவர்கள் பில்ட் லாக்கைத் திறந்து பாருங்கள். ஏபிடி அப்கிரேட் வரிக்குப் பக்கத்தில் ‘கேச்டு’ என்று வந்திருக்கிறதா? அப்படியானால் அந்த வரி ஓடவே இல்லை. டாக்கர்ஃபைலில் அந்த வரியும் அதற்கு மேலே உள்ளவையும் மாறாதவரை, டாக்கர் பழைய லேயரையே எடுத்து வைத்துவிடும். பேஸ் இமேஜிலும் இதே சிக்கல்: மெஷினில் ஏற்கெனவே இறக்கிய பிரதி இருந்தால் அதுவே போதும் என்று இருந்துவிடலாம். எனவே வாரம் ஒருமுறை, கமிட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ‘புல்’, ‘நோ-கேச்’ இரண்டையும் சேர்த்து சிஐ-யில் முழு பில்ட் ஓட்டுங்கள். டெஸ்ட் தேறியதும் ரோல்அவுட்டும் செய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் புது இமேஜ் இருந்தும் பாட் பழையதில் ஓடிக்கொண்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

டைஜெஸ்ட்டைக் குறிப்பிட்டு பேஸ் இமேஜைப் பூட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பூட்டிய பிறகு ‘புல்’ புதிதாக எதையும் கொண்டுவராது. ரெனோவேட் அல்லது டிபெண்டபாட்டை அமைத்து, புது டைஜெஸ்ட் வரும்போதெல்லாம் புல் ரிக்வெஸ்ட் வரும்படி செய்துகொள்ளுங்கள்.

ட்ரிவி போன்ற ஸ்கேனரின் நீண்ட பட்டியலைப் பார்த்து மலைக்க வேண்டாம். திருத்தம் வெளியானவற்றை மட்டும் முதலில் வடிகட்டி எடுங்கள். பதிப்பு எண்ணைப் பார்த்தும் பதற வேண்டாம். டெபியன் 12-இல் கர்ல் 7.88.1 என்றே இருக்கும்; திருத்தத்தை அதிலேயே சேர்த்து, பின்னொட்டு எண்ணை மட்டும் கூட்டியிருப்பார்கள்.

ஆயுள் முடிந்த பேஸுக்கு இவை எதுவும் உதவாது. டெபியன் 10-இன் எல்டிஎஸ் ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது. அதில் நிற்பவர்கள் வேறு வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் ஆதரவுள்ள பதிப்புக்கு மாறுங்கள்.

உங்கள் கோட் இழுத்துவரும் லைப்ரரிகளின் கணக்கு தனி. 2021 டிசம்பரின் லாக்4ஷெல் ஓட்டை இருந்தது பயன்பாட்டின் ஜார் கோப்புகளுக்குள். பேஸை எத்தனை முறை மாற்றியிருந்தாலும் அது போயிருக்காது. அந்த லைப்ரரிகளின் பதிப்புகளையும் அதே வாராந்திர ஓட்டத்திலேயே சரிபாருங்கள்.