மலையில் ஒருவர் விழுந்தால்... மீட்புத் தொண்டர்கள் படிக்கும் பாடம்



வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் தாங்கிப் பிடித்த கதை நமக்கெல்லாம் தெரியும். கோபுரத்திளையனார் சன்னதியில் நின்று உருகியும் இருக்கோம். அதே ஊர் மலையில் ஒரு பக்தர் வழுக்கி விழுந்தால், தூக்க ஓடுறவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?

நம் நாட்டில் இதற்கு 'ஆப்த மித்ரா' திட்டம் இருக்கு. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் நடத்துவது. 18 முதல் 40 வயதுக்காரர்களுக்கு 12 நாள் பயிற்சி. இங்கிலாந்தில் மலை மீட்பையே சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான் பார்க்கிறார்கள். முதலுதவிச் சான்றிதழை 3 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பத் தேர்வு எழுதிப் புதுப்பிக்கணும். அதுதான் சரி என்பேன். 12 நாளில் கற்ற கயிறு முடிச்சு, ஒத்திகை இல்லேன்னா ஆறு மாசத்தில் மறந்துடும்.

முதல் பாடம், உடனே ஓடாதே, மேலே பார். 2024 டிசம்பர் 1 அன்று நம்ம வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி 7 பேர் இறந்தார்கள். அரக்கோணத்திலிருந்து வந்த தேசிய பேரிடர் மீட்புப் படையினரே மழையையும், மேலே நின்ற பாறைகளையும் கணக்கு பார்த்துத்தான் வேலை செய்ய முடிந்தது. அந்த வருஷம் தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. பலருக்கு வருத்தம்தான், ஆனா அதுவும் இதே பாடம்தான்.

அடுத்தது தேடுதல். காணாமல் போனவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் குறிப்பார்கள். இறங்கும் வழிகளில் ஆள் நிறுத்துவார்கள். இதில் அண்ணாமலை ஒரு வரம். எந்தப் பக்கம் இறங்கினாலும் 14 கி.மீ. கிரிவலப் பாதையைத் தொட்டே ஆகணும். வழி தவறியவர் ஒரு நிமிடத்தில் 6 முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதணும். கேட்டவர் 3 முறை ஊதிப் பதில் சொல்லணும். 

கஷ்டமானது தூக்குவதுதான். ஸ்ட்ரெச்சருக்கு ஒரு நேரத்தில் 6 பேர். கரடுமுரடான பாதையில் கொஞ்ச தூரத்திலேயே கை விட்டுப்போகும். அதனால் மூன்று அணி, மொத்தம் 18 பேர். மாடவீதியில் ஸ்ரீபாதம் தாங்கிகளைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரே குரலுக்கு ஒரே அடி, சாமி ஆடாமல் தோள் மாற்றுவது. அதே வித்தைதான், ஆனா இங்கே செங்குத்தான இறக்கம். ஸ்கந்தாசிரமம் முதல் ரமணாசிரமம் வரை கல் பதித்த பாதை இருக்கு. அதுக்கு மேலே பாறைதான். சில இடங்களில் பின்னாலிருந்து கயிறு போட்டுப் பிடிச்சுதான் இறக்க முடியும். விழுந்தவரை நாலு பேர் கை கால் பிடிச்சுத் தூக்குவது முதுகெலும்புக்கு ஆபத்து. கல் உருளும் இடமாக இருந்தால் ஒழிய, அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க.

கடைசியா ஒன்று. மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 5 செ.மீ. ஆழம் அழுத்தணும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. எண்ணத் தடுமாறினால் ச-ர-வ-ண-ப-வ என்று எழுத்துக்கு ஒரு அழுத்தம் கொடுங்க. 5 முறை சொன்னால் 30 அழுத்தம். பயிற்சி எடுத்தவர்கள் அதன்பின் 2 முறை வாயில் மூச்சு கொடுப்பார்கள். தெரியாதவர்கள் நிறுத்தாமல் அழுத்திட்டே இருக்கலாம். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்க, களைத்த கை ஆழமா அழுத்தாது.

வேலும் மயிலும் துணை!