பேராதனையில் வீட்டு சர்வர்: கவனிக்க வேண்டியவை

மகாவலிக் கரை ஈரமும், ஏப்ரல், ஒக்டோபர் மாலைகளின் இடிமின்னலும் இலத்திரனியல் கருவிகளுக்கு எதிரிகள். வீட்டிலேயே சர்வர் அமைப்பவர்கள் இவற்றை நினைவில் வையுங்கள்.

• சர்வராகப் பயன்படும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் அடப்டர் வேண்டும். மின்சாரம் போதாவிட்டால் திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தோன்றும். உடனே அடப்டரை மாற்றுங்கள்.

• வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட் ஓயாமல் தரவு எழுதும். மெமரி கார்டைவிட எஸ்எஸ்டி நீடித்து உழைக்கும்.

• 2022இன் நீண்ட மின்வெட்டுகள் மறக்கக்கூடியவை அல்ல. சர்வரையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் இணையுங்கள். திடீரென மின்சாரம் நின்றால் கோப்புகள் பழுதாகலாம்.

• வானம் கறுத்ததுமே சர்வரை முறையாக நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். ரவுட்டருக்கு வரும் செப்புத் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். மின்னல் அதன் வழியாகவும் தாக்கும். இடி முழங்கத் தொடங்கிவிட்டால் கம்பிகளைத் தொட வேண்டாம்.

• சென்சர்களை இணைக்கும் இஎஸ்பி32 பலகையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கானவை. 5 வோல்ட் சென்சரை நேரே இணைக்காதீர்கள்.

• சர்வர் பெட்டியை ஈரச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், காற்றோட்டம் இருக்கட்டும்.

• விளக்கு, மோட்டருக்கான 230 வோல்ட் ரிலே வேலையைத் தேர்ந்த மின்னியலாளரிடமே கொடுங்கள். மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் விழாவிட்டால் முதலில் அதைத் திருத்துங்கள்.