மாற்றுப் பந்தெறிவோர்

அமெரிக்க நாட்டினர் பெரிதும் விரும்பும் ஆட்டம் பேஸ்பால். அதில் பந்தெறியத் தொடங்கியவர் தளர்ந்தால், வேறொருவர் அவர் பணியை ஏற்பார். அவரே மாற்றுப் பந்தெறிவோர். இவருள் இடக்கையர்க்குத் தனி மதிப்பு உண்டு. இடக்கை மட்டையாளர்க்கு அவர் எறியும் பந்து தோளின் பின்னிருந்து வருவதுபோல் தோன்றும். வளைந்து அப்பால் விலகவும் செய்யும். ஆதலின் அதனை அடித்தல் அரிது.

இத்தொழிலில் நெடுங்காலம் நிலைத்தவர் ஜெசி ஒரோஸ்கோ. கலிபோர்னியாவில் 1957ஆம் ஆண்டில் பிறந்தார். இவரைத் தேர்ந்த மினசோட்டா அணி, தன் பேரணியில் ஆடவிடும் முன்னரே நியூயார்க் மெட்ஸ் அணிக்கு மாற்றித் தந்தது. 1986ஆம் ஆண்டின் உலகத் தொடர் இறுதியாட்டத்தில் கடைசி மட்டையாளரை வீழ்த்தி, கையுறையை வானில் வீசி மண்டியிட்டவர் இவரே.

அத்தகைய இரவு பின்னர் வாய்க்கவில்லை. வாய்த்தது அலைச்சல்! ஒன்பது அணிகளின் சீருடையை அணிந்தார். பிற்காலத்தில் இரண்டொரு மட்டையாளரை எதிர்ப்பதே இவர் வேலை; சில நாள் ஒருவரை மட்டுமே. அதற்காக ஆட்டம் முழுதும் காத்திருக்க வேண்டும். கையைப் பதப்படுத்திய பின்னும் அழைப்பு வாராது போகலாம். 24 பருவங்களில் 1,252 ஆட்டங்களில் பந்தெறிந்தார். இவ்வெண்ணிக்கையை எட்டியவர் பிறரிலர். எறிந்த இன்னிங்ஸோ ஏறத்தாழ 1,295 தான்.

2003ஆம் ஆண்டில், 46ஆம் வயதில், ஒரே பருவத்தில் மூன்று அணிகளுக்கு ஆடினார். மூன்றாவது, இளமையில் இவரை விட்டுக்கொடுத்த மினசோட்டா. அதுவே இவரது கடைசிப் பருவம். 2020 முதல், பந்தெறிய வருபவர் மூன்று மட்டையாளரையேனும் எதிர்கொள்ளவோ அப்பாதி இன்னிங்ஸை முடிக்கவோ வேண்டுமென்பது விதி. ஒருவருக்காக மட்டும் ஓர் இடக்கையரை அழைக்கும் வழக்கம் அதனால் அருகிவிட்டது.